பஸ் நம்பரைப் பற்றி நான் எழுதிய வரி

நான் எழுதியதில் ஒரே ஒரு கட்டுரையைத்தான் ஒருத்தர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் விடாமல் படித்திருக்கிறார். அவர் என் அப்பா வேலை பார்த்த ஷெட்டின் முதலாளி. படித்து முடித்த மறுநாள் காலையில் அப்பாவைக் கூப்பிட்டு, இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பத்திரிகைக்காரியாக ஆசைப்பட்டு முடியாமல் போன கதையைச் சொல்லிப் பரிதாபம் சம்பாதிக்கப் பார்க்கிறேன் என்று ஆகிவிடும். என்மேல் யாரும் பரிதாபப்பட வேண்டாம். அந்த வயதில் எனக்குத் திமிர் ஜாஸ்தி. இப்போதும் ஒன்றும் குறைந்துவிடவில்லை, ஸ்கூலில் என்னிடம் கணக்கு படிக்கிற பிள்ளைகளைக் கேட்டால் தெரியும்.

அப்போது திருச்சியில் ஒரு காலேஜில் பி.எஸ்சி. இரண்டாம் வருடம். வீடு திருவெறும்பூரில். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகள் பெரிய ஃபேக்டரியை நம்பி இருக்கும், மீதி வீடுகள் அந்த ஃபேக்டரிக்கு பைப்பும் இரும்புச் சட்டமும் செய்து கொடுக்கிற சின்னச் சின்ன ஷெட்டுகளை நம்பி இருக்கும். நாங்கள் இரண்டாவது ரகம். அப்பா வெல்டர். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஷெட். கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்தவர், வேறு எங்கும் போனதில்லை.

வெல்டிங் வெளிச்சம் நேராகக் கண்ணில் பட்டுவிட்டால் அன்றைக்குச் சாயங்காலம் ஆரம்பிக்கும். கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு என்பார். தண்ணீராக ஊற்றும். அம்மா உருளைக்கிழங்கை வட்டமாக வெட்டி இரண்டு கண்ணிலும் வைப்பாள். எங்கள் வீட்டில் உருளைக்கிழங்கு வாங்கினால் பாதி பொரியலுக்கு, பாதி அப்பா கண்ணுக்கு. சின்ன வயதில், எல்லார் வீட்டு அப்பாவும் வேலை விட்டு வந்தால் கண்ணில் உருளைக்கிழங்கோடு படுத்திருப்பார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலேஜ் போர்டில் அந்த நோட்டீஸ் வந்தது ஆயுத பூஜை முடிந்த வாரம். மாணவர்களுக்குப் பத்திரிகை, டி.வி., ஆன்லைன் எல்லாம் சொல்லித்தருகிற மூன்று நாள் ஒர்க்ஷாப். ஸ்ரீரங்கத்தில் ஒரு ஹாலில் நடக்கிறது. பல காலேஜிலிருந்து வருவார்கள், ஆனால் எல்லாரையும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் ஏரியாவில் நடக்கிற ஒரு விஷயத்தைப் பற்றி ஒரு கட்டுரையும், நீங்களே எடுத்த ஒரு போட்டோவும் அனுப்ப வேண்டும், அதை வைத்துத்தான் செலக்‌ஷன். கீழே விதிமுறை வேறு. பேசுகிறவர் பேரைச் சொல்ல விரும்பாவிட்டால் பேர் போடக் கூடாது. அனுமதி வாங்காமல் எதையும் எழுதக் கூடாது. நல்ல கட்டுரைகளை ஒர்க்ஷாப்புக்கு முன்பே இணையத்தில் போடுவார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் என் வாழ்க்கையை ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தார்கள். டிகிரி, அப்புறம் பி.எட்., அப்புறம் பக்கத்தில் ஏதாவது ஸ்கூல், அப்புறம் கல்யாணம். இதிலிருந்து தப்பிக்க ஒரு சந்து கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அம்மாவிடம் சொன்னதும், "மூணு நாளும் சாப்பாடு அவங்களே போடுவாங்களா?" என்று கேட்டாள். அப்பாதான், "செலக்ட் ஆகட்டும். ஆச்சுன்னா போயிட்டு வரட்டும். படிப்பு முடிஞ்சப்புறம் அந்த லைன்லயே போகணும்னாலும் போகட்டும்" என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

எதைப் பற்றி எழுதுவது என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. உருளைக்கிழங்குதான். சின்ன ஷெட்டுகளில் வெல்டர்களின் கண் என்ன ஆகிறது, முகத்துக்கு முன்னால் பிடிக்கிற கருப்புக் கண்ணாடி கீறல் விழுந்த பிறகும் ஏன் மாற்றித் தரமாட்டேன் என்கிறார்கள், இதைத்தான் எழுதப் போகிறேன் என்று முடிவு செய்தேன். நியாயமான விஷயம். இன்றைக்கும் அது நியாயமான விஷயம்தான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்புகிறது.

பக்கத்துத் தெருவில் இரண்டு வெல்டர்களிடம் பேசினேன். மூன்றாவது ஆள் அப்பா. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஃபோனில் ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு, "வணக்கம், உங்க அனுபவத்தைக் கொஞ்சம் சொல்லுங்க" என்றேன். அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். அப்பாவும் சிரித்துவிட்டுச் சட்டைப் பட்டனைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஆளுக்குப் பதில் சொல்கிற மாதிரியே பேசினார்.

"இப்ப உங்க பார்வை எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கு" என்றார். சொன்ன உடனே கையை நீட்டி ஃபோனை மூடப் பார்த்தார். "இதைப் போட்றாதம்மா."

"பேர் போட மாட்டேன்ப்பா. ஷெட் பேரும் போட மாட்டேன். ஒரு வெல்டர்னு மட்டும்தான் இருக்கும்."

முகம் சுருங்க, நீட்டின கையை இழுத்துக்கொண்டார். "பேர் இல்லன்னா சரி" என்றார்.

விதிமுறைப்படி அனுமதி வாங்கியாகிவிட்டது என்று நோட்டில் ஒரு டிக் வேறு அடித்தேன். புது நோட்டு, இந்த ஒர்க்ஷாப்புக்கென்றே வாங்கினது.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. என் கூடப் படித்த ஒருத்தி ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் இருந்தாள், அவளும் விண்ணப்பம் போடுகிறாள், அவளிடம் லேப்டாப் இருந்தது. காலேஜ் விட்டதும் இரண்டு பேரும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி அவள் வீட்டுக்குப் போவோம். அவள் அம்மா கதவைத் திறந்ததும், "வாடிம்மா, கை கால் அலம்பிண்டு வா, பெருமாள் பிரசாதம் வந்திருக்கு" என்று புளியோதரையைக் கையில் வைப்பார். நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று கேட்டுவிட்டு, "கண்ணாச்சே, பாவம்! பெருமாள் கிருபையில உன் எழுத்தாலே அவாளுக்கு ஒரு நல்லது நடக்கட்டும்" என்றார். மனசாரச் சொன்னார். எனக்கு அதைக் கேட்டு நெஞ்சு விம்மியது, வெட்கக்கேடு.

என் சிநேகிதி அவளுடைய கட்டுரையைக் கோயில் வீதிகளில் சேருகிற பிளாஸ்டிக் குப்பையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்து வராது, ஆனால் அடுத்தவர் எழுத்தில் எது நொண்டுகிறது என்று நன்றாகக் கண்டுபிடிப்பாள். என் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"'கொஞ்சம் மங்கலா இருக்கு'. இது என்னடி? சப்புன்னு இருக்கு. படிக்கறவாளுக்குக் கண்ணு முன்னாடி வரணும். எது மங்கலா இருக்கு? எவ்ளோ மங்கலா இருக்கு?"

"அவர் அவ்வளவுதான் சொன்னாரு."

"அப்போ திரும்பக் கேளு."

திரும்பக் கேட்டிருக்கலாம். ஒரு ஃபோன் போட்டால் முடிந்தது. அவர் முகம் போன போக்கு ஞாபகம் வந்ததால் கேட்கவில்லை. அதோடு மறுநாள் கடைசித் தேதி. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கீழே சத்திரம் போகிற டவுன் பஸ் ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. நான் கீபோர்டை என் பக்கம் இழுத்து, அப்பா பேசின மாதிரியே மேற்கோள் குறி போட்டு அடித்தேன்: "எதிரே வரும் பஸ்ஸின் நம்பரைக்கூட இப்போதெல்லாம் என்னால் படிக்க முடிவதில்லை. அது லாரியா பஸ்ஸா என்பதே பக்கத்தில் வந்தால்தான் தெரிகிறது."

"ஐயோ, இதுதான்டி!" என்றாள் சிநேகிதி. அவர் சொன்னாரா என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அது பொய் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. கொஞ்சம் மெருகு ஏற்றினேன் என்று நினைத்தேன்.

அடுத்தது போட்டோ. ஷெட்டுக்குள் வெளியாட்களை விட மாட்டார்கள், ஃபோனை வெளியே எடுக்கவும் விடமாட்டார்கள். வருடத்தில் ஒரு நாள்தான் விதிவிலக்கு, ஆயுத பூஜை. அன்றைக்கு எல்லா ஷெட்டிலும் மெஷினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, வேலை பார்க்கிறவர்களின் குடும்பத்தையும் கூப்பிட்டுப் பொரிகடலை கொடுப்பார்கள். அந்த வருடமும் போயிருந்தோம். அப்பா எங்களை ஒரு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், இரண்டு பெரிய பைப்பைச் சேர்த்திருந்த இடத்தைக் காட்டி, "இது நான் போட்டது" என்றார். உருகி ஒட்டின இரும்பு மீன் செதில் மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக வரிசையாகப் படிந்திருந்தது. அவரே விரலால் தொட்டு அதன்மேல் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். நான் பக்கத்தில் போய் ஒரு போட்டோ எடுத்தேன். அந்த ஜாயிண்ட்டுக்குப் பக்கத்தில் இரும்பிலேயே அடித்துப் பதித்த மாதிரி W 14 என்று இருந்தது. பைப்பின் நம்பர் என்று நினைத்துக்கொண்டேன். இது என்னப்பா என்று கேட்கவில்லை.

என் ஃபோனில் இருந்த மூன்று நாலு படங்களில் சிநேகிதி அதைத்தான் எடுத்தாள். "மனுஷாளே இல்ல, பேரும் இல்ல, வெறும் நம்பர். பிரமாதம்டி." எனக்கும் அது பிரமாதமாகத்தான் பட்டது.

அனுப்புவதற்கு முன்னால் வீட்டில் அப்பாவிடம் காட்டினேன். காட்டாமல் இல்லை. ஃபோனை வாங்கிக் கையை முழுக்க நீட்டிப் பிடித்தார், அப்புறம் மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்தார். "ஜாயிண்ட் நல்லா விழுந்திருக்கு" என்றார். கட்டுரையையும் படிக்கச் சொன்னேன். "நீயே படிச்சுக் காட்டு" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான். மெசேஜ் வந்தால்கூட, "என்னன்னு பாரும்மா" என்று ஃபோனை என்னிடம் நீட்டிவிடுவார். சோம்பேறித்தனம் என்று நான் திட்டுவேன். அன்றைக்குப் படித்துக் காட்டினேன். பஸ் நம்பர் வரியை மட்டும் படிக்காமல் தாண்டிவிட்டேன். அவர் சொல்லாததை அவரிடமே படித்துக் காட்டக் கூச்சமாக இருந்தது.

செலக்ட் ஆகிவிட்டேன். என் கட்டுரை இணையத்திலும் வந்துவிட்டது, ஐந்தே ஐந்து கட்டுரைகளில் ஒன்றாக. சிநேகிதிக்கும் இடம் கிடைத்தது, ஆனால் அவள் கட்டுரையைப் போடவில்லை. அன்றைக்கு நான் ஆடின ஆட்டம் இருக்கே! தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்கும் லிங்க்கை அனுப்பினேன். அம்மா ஒரு புதுச் சுடிதார் தைக்கக் கொடுத்தாள், தையல்காரர் கழுத்தை இறக்கி வைத்துவிட்டார் என்று சண்டை போட்டுத் திரும்ப வாங்கி வந்தாள். அடையாள அட்டைக்கு போட்டோ எடுத்தால் அதில் நான் கண்ணை மூடியிருந்தேன், மறுபடி போய் எடுத்தேன். கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "வணக்கம், நான் திருவெறும்பூரிலிருந்து" என்று இரண்டு மொழியிலும் சொல்லிப் பார்த்தேன். பெரிய பத்திரிகையாளர்கள் வருவார்களாம், அவர்களிடம் கேட்கப் பத்துக் கேள்வி எழுதி வைத்தேன். புது நோட்டின் முதல் பக்கத்தில் அந்தக் கேள்விகள் இன்னும் இருக்கின்றன.

ஒர்க்ஷாப் வெள்ளிக்கிழமை. புதன்கிழமை மத்தியானம் நான் அந்தச் சுடிதாரை அயர்ன் செய்துகொண்டிருந்தேன். அப்பா வந்தார், தோளில் ஒரு சாக்குப் பை. அதற்குள் அவருடைய முகக் கவசம், கையுறை, சின்னச் சுத்தியல், டிபன் பாக்ஸ். டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

"என்னப்பா, இந்நேரத்துல?"

"லீவும்மா."

லீவு என்றால் எதற்கு முகக் கவசத்தைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும்? அம்மா கேட்டாள். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் அவரோடு வேலை பார்க்கிற அண்ணன் ஒருத்தர் வந்தார். அப்பா போடுகிற ஜாயிண்ட்டை கிரைண்டிங் பிடித்துச் சுத்தம் செய்கிறவர், சின்ன வயதிலிருந்து என்னைத் தெரியும். வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றார். என்னைக் கூப்பிட்டார்.

"என்ன பாப்பா, இப்படிப் பண்ணிட்ட?"

"நான் என்னண்ணே பண்ணினேன்?"

"நம்பரோட போட்டிருக்கியே."

அப்போதுதான் எனக்கு அது தெரிந்தது. ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு நம்பர் உண்டு. அவர் சேர்க்கிற ஒவ்வொரு ஜாயிண்ட்டுக்கும் பக்கத்தில் அந்த நம்பரைச் சுத்தியலால் அடித்துப் பதிக்க வேண்டும். பின்னால் எங்கேயாவது அந்த இடம் விரிசல் விட்டால், யார் போட்டது என்று அந்த நம்பரை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் ஷெட்டில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் இது தெரியும், வெல்டர் மகள் எனக்குத் தெரியவில்லை. W 14 பைப்பின் நம்பர் இல்லை. அது என் அப்பா. பேர் போட மாட்டேன், ஷெட் பேர் போட மாட்டேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டு, அவரைக் கண்ணுக்கு நேராகப் பெரிதாக்கிப் போட்டிருக்கிறேன், சந்தனப் பொட்டு வைத்து.

முதலாளிகள் எல்லாரும் இருக்கிற ஒரு வாட்ஸாப் குரூப்பில் யாரோ லிங்க்கைப் போட்டிருக்கிறார்கள். கருப்புக் கண்ணாடியைப் பற்றி எழுதினதற்குக்கூட அப்பாவின் முதலாளி பெரிதாகக் கோபப்படவில்லையாம். "பஸ் நம்பர் தெரியலைன்னு போட்டிருக்கியாமே, அதுதான்" என்றார் அண்ணன். "அதைப் படிச்சுட்டுத்தான் உங்கப்பாவைக் கூப்பிட்டாரு. கண்ணு தெரியாதவன் போட்டதுன்னு ஃபேக்டரிக்குத் தெரிஞ்சா, பதினாலு அடிச்சிருக்கிற அத்தனை ஜாயிண்ட்டையும் திருப்பி அனுப்பிடுவாங்க, என் ஷெட்டையே மூடணும்னாரு. அவரைச் சொல்லியும் குத்தமில்ல பாப்பா."

அந்த ஒரு வரி. மற்றதெல்லாம் அவர் சொன்னது, அந்த வரி ஒன்றுதான் நான் கட்டினது.

"ஆனா ஒண்ணு சொல்லியிருக்காரு" என்றார் அண்ணன். "கண் டாக்டர்கிட்ட போய், பார்வை நல்லாயிருக்குன்னு ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வந்தா, மறுநாளே வேலையில ஏறிக்கலாம்னாரு. உங்கப்பாதான், அதெல்லாம் வேணாங்கன்னு சொல்லிட்டு சாமானை எடுத்துக்கிட்டு வந்துட்டாரு. நீயாவது சொல்லு."

எனக்கு உயிரே திரும்பி வந்தது. இவ்வளவுதானா! ஒரு சர்டிபிகேட். உள்ளே போய் அப்பாவை எழுப்பி உட்காரவைத்தேன். அவர் தூங்கவில்லை. நாளைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், பக்கத்திலேயே இருக்கிறது, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றேன்.

"வேணாம்மா."

"ஏன்ப்பா?"

"வேணாம்னா விடேன்."

"இத்தனை வருஷம் அங்க உழைச்சிருக்கீங்க, ஒரு டெஸ்ட் எடுக்கறதுல உங்களுக்கு என்ன கௌரவம் குறைஞ்சு போகுது?"

நான் விடவில்லை. என் குரல் ஏறிக்கொண்டே போனது. செய்தது நான், அவரைத் திட்டித் தீர்த்ததும் நான். பிடிவாதம், வறட்டு கௌரவம் என்றெல்லாம் சொன்னேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அம்மா ஒரு தட்டில் உருளைக்கிழங்கை வெட்டிக் கொண்டுவந்து நின்றாள். அன்றைக்கு அப்பா வெல்டிங்கே செய்யவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வந்ததைப் பார்த்து, பழக்கத்தில் வெட்டிவிட்டாள்.

"நான் ஒர்க்ஷாப்புக்குப் போகல" என்றேன்.

"ஏன், போ. போயிட்டு வா" என்றாள் அம்மா. "இவ்வளவு பண்ணிட்டு இனிமே போகாம என்ன? தைச்ச துணியைக் கொடியிலயா மாட்டி வைக்கறது?"

அம்மா அப்படிப் பேசுகிறவள் இல்லை. அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு என்னிடம் சரியாகப் பேசவில்லை.

வியாழக்கிழமை முழுக்க அப்பா வீட்டில் இருந்தார். எனக்கு அவரை வீட்டில் பார்த்துப் பழக்கமில்லை. பகலில் அவர் எங்கே உட்காருவார் என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தார். நான் இணையத்திலிருந்து கட்டுரையை எடுக்கச் சொல்லி ஒர்க்ஷாப் நடத்துகிறவர்களுக்கு ஃபோன் செய்தேன். போட்டோவை மட்டும் நீக்கினார்கள். ஆனால் என்ன, பார்க்க வேண்டியவர்கள் பார்த்தாகிவிட்டது.

சாயங்காலம் ஒரு முடிவுக்கு வந்தேன். முதலாளியிடம் நானே போகிறேன். அந்த பஸ் நம்பர் வரி என் சொந்தக் கற்பனை, என் அப்பா அப்படிச் சொல்லவே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன். ஒர்க்ஷாப்பிலும் எழுந்து நின்று சொல்கிறேன். மானம் போனால் போகட்டும். அப்புறம் அப்பாவை இழுத்துக்கொண்டாவது கண் டாக்டரிடம் போய்ச் சர்டிபிகேட் வாங்கிவிடலாம், திங்கள்கிழமை அவர் வேலையில் இருப்பார். இப்படி நினைத்த பிறகுதான் கொஞ்சம் சோறு இறங்கியது. பையை எடுத்து வைத்தேன். நோட்டு, இரண்டு பேனா, அடையாள அட்டை, கட்டுரையின் பிரதி.

ஒர்க்ஷாப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று நாளும் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நான் எழுந்து நின்று எதையும் சொல்லவில்லை. சர்டிபிகேட் கொடுத்தார்கள், பீரோவில் எங்கேயோ கிடக்கும். அதற்கப்புறம் நான் எதையும் எழுதி யாருக்கும் அனுப்பியதில்லை. பி.எட். படித்தேன். அப்பா கே.கே. நகரில் ஒரு அபார்ட்மெண்ட்டில் கேட் திறந்து மூடுகிற வேலைக்குப் போனார்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை காலையில், வீட்டை விட்டுக் கிளம்பும்போது, இதெல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். அப்பா பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தார், வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. என் பையை அவரே தோளில் மாட்டிக்கொண்டார். ஐப்பசி மாதம், ராத்திரி மழை பெய்து ரோடெல்லாம் சேறாக இருந்தது. தஞ்சாவூர் ரோட்டில் டீக்கடைக்குப் பக்கத்தில் நின்றோம்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லும்மா."

"அந்த பஸ் நம்பர் தெரியலைங்கறது... நீங்க சொன்னது இல்லப்பா. நானா எழுதினது."

"தெரியும்."

"எப்படி? யாரு சொன்னா?"

"நான் சொல்லலைன்னு எனக்குத் தெரியாதா?"

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. நான் கடகடவென்று என் திட்டத்தைச் சொன்னேன். முதலாளியிடம் நானே வருகிறேன், பொய் என்று எழுதித் தருகிறேன், நீங்கள் டாக்டரிடம் மட்டும் வாருங்கள், ஒரே ஒரு தடவை, எனக்காக. அவர் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

துவாக்குடிப் பக்கமிருந்து பெரிதாக ஏதோ வந்தது. அப்பா பேச்சை நிறுத்தச் சொல்கிற மாதிரி என் தோளைத் தொட்டுவிட்டு, இரண்டடி முன்னால் போய்க் கையை நீட்டினார்.

அது சிமெண்ட் லாரி. ஹாரன் அடித்துக்கொண்டு, சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போனது. டீக்கடையில் யாரோ, "யோவ் பெருசு, பாத்து நில்லுய்யா" என்று கத்தினார்கள். அப்பா கையை மெதுவாகக் கீழே இறக்கினார். வேட்டியில் பட்ட சேற்றைத் தட்டிவிட்டார்.

"வெயில் கூசுதும்மா" என்றார்.

நான் வானத்தைப் பார்த்தேன். விடிந்ததிலிருந்து வெயிலே இல்லை. ஒரே மேகமூட்டம். டீக்கடைக்காரர் டியூப் லைட்டைக்கூட இன்னும் அணைக்கவில்லை.

அதற்கப்புறம் நான் டாக்டரைப் பற்றிப் பேசவில்லை. அடுத்து வந்தது பஸ். நெற்றியில் எங்கே போகிறது என்று கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டு எங்களுக்கு நேராக வந்து நின்றது. அப்பா அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இது சத்திரம் போறதாம்மா?"

"ஆமாப்பா."

பையைக் கழற்றி என் தோளில் மாட்டிவிட்டார். "நல்லபடியா போயிட்டு வா. நாலு பேர் நாலு விஷயம் சொல்லுவாங்க, காது குடுத்துக் கேளு" என்றார். ஏறிப் பின்பக்கம் ஒரு ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்தேன். அவர் ஒவ்வொரு ஜன்னலாகத் தேடிக்கொண்டிருந்தார். அப்புறம் முன்பக்கம், டிரைவருக்குப் பின்னால் இருந்த ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக் கை காட்டினார். அங்கே யாரோ ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். இவர் யார், என்ன என்று புரியாமல், அந்த அம்மாவும் பதிலுக்குக் கை காட்டினார்.

நான் அப்பா என்று கூப்பிடவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.